சாமி பயம் போனால் எல்லாம் போய்விடுமா?

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. பெங்களூரில் ஐ.டி. கம்பெனியில் வேலை. இந்த வருஷம் குலதெய்வம் கோயில் கொடைக்கு வந்தவன் திருநீறு பூச மறுத்துவிட்டான். ‘எனக்கு நம்பிக்கை இல்லம்மா’ என்கிறான். எதற்கெடுத்தாலும் எதிர்த்துப் பேச்சு. தோட்ட வேலைக்கு வருகிற பெரியவருக்கு வழக்கம்போலத் தனி டம்ளரில் காபி கொடுத்தேன். அதற்கும் என்னோடு சண்டை. ‘சாமிக்குப் பயப்படாதவன் எதற்கும் பயப்பட மாட்டான், கெட்டுத்தான் போவான்’ என்கிறார் என் கணவர். கண்காணாத ஊரில் தனியாக இருக்கிறான். கடவுள் பயம் இல்லாமல் ஒழுக்கம் நிற்குமா?
- பெயர் வேண்டாம், தென்காசி மாவட்டம்.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

நானும் செவ்வாய், வெள்ளி தவறாமல் விளக்கேற்றுகிறவள். பெற்ற பிள்ளை ஒருநாள் வந்து நம்பிக்கை இல்லை என்று சொன்னால் வயிற்றில் புளியைக் கரைக்கத்தான் செய்யும். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது.

உங்கள் கணவர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. தெற்கத்திப் பக்கம் கொடுக்கல் வாங்கலில் தகராறு வந்தால் சாமி முன்னால் கற்பூரம் ஏற்றி, அதை அடித்துச் சத்தியம் செய்யச் சொல்வார்கள். பத்திரம் இருக்காது, சாட்சி இருக்காது. வாங்கவே இல்லை என்று ஊர்க்கூட்டத்தில் சாதித்தவன், கற்பூரம் எரிவதைப் பார்த்ததும் கை நடுங்கி ஒத்துக்கொண்ட கதையை நம் பாட்டிமார்கள் எத்தனை தடவை சொல்லியிருப்பார்கள்! கோர்ட்டுக்குப் போக வழியில்லாத ஏழைக்கு அந்தச் சாமிதான் சாட்சி, அந்தச் சாமிதான் வக்கீல். இதை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் பயம் எவ்வளவு தூரத்துக்குக் கூட வரும்? டவுனில் காம்பவுண்டுச் சுவரில் சாமி படம் போட்ட டைல்ஸ் பதித்திருப்பார்களே, பிள்ளையார், சிலுவை, மசூதி என்று வரிசையாக, பார்த்திருப்பீர்கள். அந்த இடத்தில் யாரும் சிறுநீர் கழிப்பதில்லை. டைல்ஸ் முடிந்து நாலடி தள்ளிப் போனால் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். படத்துக்குப் பயந்து தள்ளிப் போனவன், அந்த வழியாகப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளைப் பற்றி நினைக்கவே இல்லை. அவர்களை நினைத்திருந்தால் படம் இல்லாத இடத்திலும் அவன் நின்றிருக்க மாட்டான்.

அப்புறம், அந்த டம்ளர். மகன் செய்த தப்புகளில் ஒன்றாக அதைச் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த வரியை மறுபடி மறுபடி படித்தேன். உங்கள் வயதுக்கு மூத்த ஒருவர் வெயிலில் வேலை செய்துவிட்டு வந்து நிற்கிறார். அவர் வாய் வைத்த டம்ளர் வீட்டுக்குள் வரக்கூடாது என்று ஒரு வழக்கம். அதைப் பார்க்க உங்கள் மகனுக்குப் பொறுக்கவில்லை. ஒழுக்கம் என்று நாம் எதைச் சொல்கிறோமோ அது அதுதான், சகோதரி. சாமி இல்லை என்று சொல்கிற பிள்ளைக்குத்தான் அது முதலில் கண்ணில் பட்டிருக்கிறது. இந்த வழக்கத்தை நீங்கள் உண்டாக்கவில்லை. உங்கள் மாமியார் செய்தார், அவருடைய மாமியார் செய்தார். ஆனாலும் இது தப்பு. அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்து எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

கடவுளை நம்பினால் இதெல்லாம் தானாக வந்துவிடும் என்றால், 1939இல் மதுரையில் அவ்வளவு கலவரம் ஏன்? அந்த ஜூலை 8ஆம் தேதி வைத்தியநாத ஐயர், பிற்பாடு மந்திரியான கக்கன் உட்பட, அதுவரை உள்ளே விடப்படாதவர்களை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துப் போனார். ஐயர் நெற்றியில் விபூதியோடு வாழ்ந்த பக்தர். தீட்டுப் பட்டுவிட்டது என்று எதிர்த்து நின்றவர்களும் பக்தர்கள்தான். ஒரே அம்மன், ஒரே குங்குமம். எதிரில் நிற்கிற மனிதரை மனிதராகப் பார்த்ததில்தான் வித்தியாசம். அந்தப் பார்வை இருந்தவருக்கு பக்தி பலம் கொடுத்தது. இல்லாதவருக்கு அதே பக்தி ஒரு சாக்காகிவிட்டது.

நம்பிக்கை இல்லாமல் இந்தப் பார்வை வராதா? ஆந்திராவில் கோரா என்று ஒருவர் இருந்தார். 1902இல் பிறந்தவர், கல்லூரியில் தாவரவியல் கற்பித்தவர், பிறப்பால் பிராமணர். கடவுள் இல்லை என்று வெளிப்படையாகப் பேசியதற்காக வேலையையே இழந்தார். 1940இல் கிருஷ்ணா மாவட்டத்து முதுனூரில் நாத்திக மையம் தொடங்கி, கிராமத்தில் சாதி பார்க்காமல் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று வேலை செய்தார். காந்தியைத் தேடி சேவாகிராமத்துக்கும் போனார். காந்தியோ ராம நாமத்தில் ஊறிய மனிதர். ஆனாலும் இவருடைய நாத்திகத்தைக் கேலி செய்யாமல், நேரம் ஒதுக்கி, உட்காரவைத்துப் பேசினார். கோரா தன் மூத்த மகளை தலித் இளைஞர் ஒருவருக்குக் கட்டிக்கொடுக்க முடிவு செய்தபோது, சேவாகிராமத்தில் தானே நடத்திவைப்பதாக காந்தி சொன்னார். கல்யாணச் சடங்கில் கடவுளின் பெயரால் என்று வருகிற இடத்தில் சத்தியத்தின் பெயரால் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றும் ஒத்துக்கொண்டார். 1948 ஜனவரியில் காந்தியைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். கல்யாணம் மார்ச்சில் அதே சேவாகிராமத்தில் நடந்தது. கொன்றவனும் தன் மதத்துக்காகச் செய்ததாகத்தான் சொன்னான் என்பதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

இதனால் நம்பிக்கை வெறும் அலங்காரம் என்று நான் சொல்ல வரவில்லை. வடலூரில் 1867இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. பசியோடு வருகிறவர்களுக்கு அங்கே இன்றும் சோறு போடுகிறார்கள். அருட்பெருஞ்ஜோதி என்று உருகிய மனசுதான் அந்த அடுப்பை மூட்டியது. கடவுளை எடுத்துவிட்டு அவரை யோசிக்கவே முடியாது. அந்தப் பக்தி அடுத்தவர் வயிற்றுப் பசி வரைக்கும் போயிற்று. அப்படிப் போகிற பக்தியை நானும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

புண்ணியம் கிடைக்கும் என்றோ நரகத்துக்குப் பயந்தோ செய்வதுதான் தர்மமா என்ற கேள்வி நமக்கு ஒன்றும் புதிதில்லை. இந்தப் பிறவியில் செய்தது மறுபிறவிக்கு ஆகும் என்று கணக்குப் போடுகிறவனை ‘அறவிலை வணிகன்’ என்று புறநானூற்றில் முடமோசியார் சொல்கிறார். அவர் பாடிய வள்ளல் ஆய் அண்டிரன் அப்படிப்பட்டவன் இல்லையாம். சான்றோர் போன வழி இது என்று கொடுத்தவனாம். சங்க காலத்திலேயே ஒரு புலவருக்கு இது தோன்றியிருக்கிறது.

சரி, இனி உங்கள் வீட்டு விஷயத்துக்கு வருவோம். திருநீறு பூசச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். உங்களுக்காகப் பூசிக்கொண்டு மனசுக்குள் கசந்துபோவான். இன்றைக்கு உங்களிடம் உண்மையைச் சொல்கிற பிள்ளை அப்புறம் எதையும் சொல்ல மாட்டான். கொடைக்கு வரட்டும். பந்தியில் சோறு பரிமாறட்டும், வயதானவர்களைக் கைபிடித்துக் கூட்டி வரட்டும். சாமியை நம்பாதவனும் ஊரை நம்பி வாழலாம். அந்த உறவு அறுந்துவிடாமல் பார்த்துக்கொள்வது அவனுடைய பொறுப்பும்தான், அவனிடம் இதைச் சொல்லுங்கள். உங்களுக்கு விளக்கும் கோலமும் தருகிற நிதானம் அவனுக்கு வேறு எங்கிருந்தாவது கிடைக்க வேண்டும். மனசு உடைந்த நாளில் யாரிடம் போவாய் என்று ஒருநாள் சாவகாசமாகக் கேளுங்கள். பதில் இருந்தால் நல்லது. இல்லையென்றால் என்னிடம் வா என்று சொல்லிவையுங்கள்.

உங்கள் கணவரிடமும் பேசுங்கள். ‘கெட்டுப்போவான்’ என்று பிள்ளை காதுபடச் சொல்ல வேண்டாம். அவரை எடுத்தெறிந்து பேசுவது மகனுக்கும் அழகில்லை. அதைக் கண்டிக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கவலைப்பட வேண்டிய இடம் வேறு. சம்பளம் வந்த பத்து நாளில் பணம் கேட்கிறானா? போனில் ரம்மி, கிரிக்கெட் பந்தயம் என்று ஏதாவது ஓடுகிறதா? கடன் ஆப்பில் சிக்கியிருக்கிறானா? குடி உண்டா? ஒரு பெண்ணிடம் பழகினால் நாணயமாக நடந்துகொள்கிறானா? கோயிலுக்குப் போகிற பிள்ளைகளைப் பெற்றவர்களும் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. மிரட்டாமல் கேளுங்கள். ஏதாவது தட்டுப்பட்டால் தயங்காமல் எனக்கு எழுதுங்கள், அப்போது என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.