மனைவியின் மலைக்கிராமத்தில் கட்டிய வீடு யாருக்குச் சொந்தம்?

கேள்வி: என் ஊர் காயல்பட்டினம். இந்தியக் குடிமகன். என் மனைவி இந்தோனேசியாவின் மேற்குச் சுமத்திராவைச் சேர்ந்த மினாங்கபாவ் பெண். 2013இல் அவர் ஊரிலேயே முறைப்படி நிக்காஹ் பதிவானது. மனின்ஜாவ் ஏரியிலிருந்து 44 வளைவுகள் ஏறினால் வரும் மலைக்கிராமம் அது. 2009 நிலநடுக்கத்தில் மாமியார் வீடு சேதமானபோது, அதைச் செப்பனிட குடும்ப வயலை 50 கிராம் தங்கத்துக்கு அடகு வைத்திருக்கிறார்கள். 2021இல் நான்தான் தங்கம் கொடுத்து மீட்டேன். பிறகு குடும்ப மனையிலேயே என் சேமிப்பில் ஒரு வீடும் கட்டினேன். மனைவி பெயரில் பத்திரம் கேட்டால் அவருடைய தாய்மாமன் கையெழுத்துப் போட மறுக்கிறார். தரகர் ஒருவர், ‘பக்கத்து மனையை உங்கள் பணத்தில் மைத்துனர் பெயரில் வாங்கி, தனியே ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம்’ என்கிறார். எங்களுக்கு ஒன்பது வயதில் ஒரே மகள். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: தரகருக்கு முன்பணம் எதுவும் கொடுத்துவிடவில்லையே? அவர் சொல்வதை நம் ஊரில் பினாமி என்போம், அங்கே ‘பின்ஜாம் நாமா’, அதாவது பெயர் இரவல் என்பார்கள். இந்தோனேசியாவின் 1960ஆம் ஆண்டு நிலச் சட்டம், முழு உரிமையுள்ள நிலத்தை (‘ஹாக் மிலிக்’) அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமே வைத்திருக்கிறது. நேரடியாகவோ மறைமுகமாகவோ அது வெளிநாட்டவர் கைக்குப் போகும்படி செய்யும் எந்த ஏற்பாடும் செல்லாது என்கிறது அதன் 26ஆம் பிரிவு. செல்லாது என்பதோடு நிற்கவில்லை. நிலம் அரசுக்குப் போய்விடும், கொடுத்த பணத்தையும் திரும்பக் கேட்க முடியாது. மைத்துனர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், உங்கள் கையில் இருக்கப்போகும் தனி ஒப்பந்தம் நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிரான சாட்சியாகத்தான் நிற்கும்.

அடுத்தது தாய்மாமன். அங்கே அவரை ‘மாமாக்’ என்கிறார்கள். நம் காதுக்கு அது மாமா என்றே கேட்கும், பொருளும் ஏறக்குறைய அதுதான். அவர் பிடிவாதக்காரர் என்று நீங்கள் நினைப்பது உங்கள் கடிதத்தில் தெரிகிறது. நான் அப்படி நினைக்கவில்லை. மினாங்கபாவ் வழக்கத்தில் தலைமுறை தலைமுறையாக வந்த சொத்துக்கு ‘பூசாக்கோ திங்கி’ என்று பெயர். அது தாய்வழிக் கிளை முழுவதற்கும் பொது. அம்மாவிடமிருந்து மகளுக்கு, அவளிடமிருந்து அவள் மகளுக்கு என்று போகும். மாமாக் அதன் காவலர், உடைமையாளர் அல்லர். கிளை முழுவதும் சம்மதிக்காமல் ஒரு பெண்ணின் பெயரில் பிரித்துக் கொடுக்கக் கையெழுத்துப் போட்டால், அவரே நாளை மருமக்களிடம் பதில் சொல்ல வேண்டும். அவர் மறுப்பது ஒரு வகையில் உங்கள் மனைவிக்கும் பாதுகாப்பு. அவசரத்தில் தனிப் பெயரில் வாங்கிய சான்றிதழை, பிற்பாடு சித்தி மக்கள் வழக்குப் போட்டு ரத்து செய்யக் கேட்கலாம்.

அந்தச் சொத்தை விற்பது தகாது. அடகுகூட நான்கு காரணங்களுக்குத்தான் வைக்கலாம்: வீட்டுக்குள் பிணம் கிடக்க அடக்கத்துக்குப் பணமில்லாதபோது, வயது வந்த பெண்ணுக்குக் கல்யாணம் ஆகாதபோது, பெரிய வீட்டின் கூரை ஒழுகும்போது, குலத்தலைவர் பட்டத்தை மறுபடி நிலைநிறுத்தும்போது. உங்கள் மாமியார் வைத்த அடகு மூன்றாவது காரணத்தில் வருவதால், அதில் வழக்கப்படி குற்றமில்லை.

இனி சொல்லப்போவது உங்களுக்குக் கசக்கும். வேளாண் நிலத்தை அடகு பிடித்தவர் ஏழு ஆண்டோ அதற்கு மேலோ அனுபவித்துவிட்டால், மீட்புத் தொகை எதுவும் வாங்காமல் நிலத்தைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது 1960ஆம் ஆண்டின் 56ஆம் எண் சட்டத்தின் 7ஆம் பிரிவு. அத்தனை ஆண்டு நெல்லே கடனை அடைத்துவிட்டது என்பது அதன் கணக்கு. 2009இல் போன வயல் 2021இல் ஏழு ஆண்டை எப்போதோ தாண்டியிருந்தது. ஆக, நீங்கள் கொடுத்த 50 கிராம், நம் கணக்கில் ஆறேகால் பவுன், சட்டப்படி கொடுத்திருக்கவே வேண்டியதில்லை. ஆனால் அந்த மலையில் அடகு இன்றும் தங்கத்தில்தான் பேசப்படுகிறது. இரண்டரை கிராம் கொண்டது ஒரு ‘அமே’; உங்களுடையது இருபது அமே. தங்கம் கொடுக்காமல் வயலை வாங்கினால் முகத்தில் விழிக்க முடியாது என்று நினைக்கும் ஊர்கள் நிறைய. அடகு பிடித்தவர் மேல் வழக்குத் தொடரும்படி நான் சொல்ல மாட்டேன். அந்த ஊரில்தான் உங்கள் மகள் வளரப்போகிறாள். அந்தத் தங்கம் உங்கள் மனைவி வழியாகக் கிளைக்குக் கொடுக்கப்பட்டது என்றும், கிளை அதைத் திருப்பித் தரும்வரை வயலின் விளைச்சல் உங்கள் மனைவிக்கு என்றும் ஓர் எழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வருவோம். மினாங்கபாவ் குடும்பத்தில் கணவரை ‘சுமாண்டோ’ என்பார்கள். அவரைப் பற்றி ஒரு பழமொழி உண்டு: வெட்டிய அடிமரத்தின் மேல் கிடக்கும் சாம்பல். காற்று ஒன்று அடித்தால் போய்விடும். காயல்பட்டினத்தில் வீடு மகளுக்குப் போவதையும் மாப்பிள்ளை பெண் வீட்டில் வாழ்வதையும் பார்த்து வளர்ந்த உங்களுக்கு இது அவ்வளவு புதிதாக இருக்காது. ஆனால் சாம்பலுக்கும் அங்கே ஒரு நியாயம் உண்டு. திருமணத்துக்குப் பிறகு இருவருமாகச் சேர்த்தது ‘சுவாரங்’. பிரிய நேர்ந்தால் அது இரண்டாகப் பங்கிடப்படும், அவரவர் கொண்டுவந்தது அவரவரோடு திரும்பும், பெண் வீட்டுச் சொத்து அங்கேயே தங்கும். நிலம் வேறு, அதன் மேல் நிற்கும் கட்டடம் வேறு என்றுதான் இந்தோனேசிய நிலச் சட்டமும் பார்க்கிறது. ஆகவே மனை உங்களுக்கு ஒருபோதும் வராது. வீட்டின் மதிப்பில் பங்கு கேட்கலாம், காட்ட ரசீது இருந்தால். சிமெண்டு, தகரம், மரம் வாங்கிய சீட்டுகள், கொத்தனாருக்குக் கூலி கொடுத்த நோட்டு, வங்கியிலிருந்து பணம் அனுப்பிய தாள் எல்லாவற்றையும் தேடி எடுங்கள். பிஸ்கட் டப்பாவில் கிடக்கும் மங்கிய ரசீதுகளை இன்றே நகல் எடுத்துவிடுங்கள். மலை ஈரத்தில் அந்த மை தாங்காது.

இப்போதைக்குப் பத்திரத்தைவிட உங்களுக்குத் தேவை, அந்த மனையை உங்கள் மனைவி பயன்படுத்தக் கிளை ஒதுக்கியிருக்கிறது என்ற எழுத்து. அதற்கு அங்கே ‘கங்கம் பவுந்துவாக்’ என்று பெயர். கூடவே ‘ரஞ்சி’ என்ற தாய்வழி வம்சாவளிப் படம் வேண்டும். மாமாக் கையெழுத்தோடு வயது வந்த கிளை உறுப்பினர் அனைவரின் கையெழுத்தும், ஊரின் வழக்காற்றுச் சபையின் ஒப்புதலும், ஊர்த்தலைவரான வாலி நகாரியின் கையெழுத்தும் இருக்கட்டும். பிறகு எல்லோரும் விரும்பினால் நில அலுவலகத்தில் கிளையின் பேரால் பதிவு செய்வதைப் பற்றிப் பேசலாம்.

இதெல்லாம் வேண்டாம், தனிச் சொத்துதான் வேண்டும் என்றால், சான்றிதழ் உள்ள வேறொரு மனையை மனைவி பெயரில் வாங்கலாம். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. 1974ஆம் ஆண்டுத் திருமணச் சட்டப்படி, திருமணத்துக்குப் பின் வாங்குவது இருவருக்கும் பொது. பாதி உங்களுடையது என்றாகும்போது வெளிநாட்டவர் தடை அங்கேயும் வந்துவிடும். ஜப்பானியரை மணந்த இந்தோனேசியப் பெண் ஒருவர் தொடுத்த வழக்கில், திருமணத்துக்குப் பிறகும் சொத்துப் பிரிப்பு ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்று 2016 அக்டோபரில் அரசியல் சட்ட நீதிமன்றம் வழிவிட்டது. நோட்டரி முன் எழுதி, உங்கள் திருமணம் பதிவான சமய அலுவலகத்தில் குறிப்பு ஏற்றிய பிறகே மனைக்குப் பணம் கட்டுங்கள். மனைவிக்கு வாரிசாகவோ நன்கொடையாகவோ வருவதற்கு இந்த ஒப்பந்தம் தேவையில்லை, அது முதலிலிருந்தே அவருடையது. மனைவி பெயரில் வாங்கிய மனை பிற்காலத்தில் வாரிசாக உங்களுக்கு வந்தால், ஓராண்டுக்குள் அதை விட்டுக்கொடுத்தாக வேண்டும். மகளுக்கு என்று இப்போதே திட்டமிடுவது நல்லது.

மகளைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவள்தான் இந்த வழக்கின் நடுநாயகம். வழக்கப்படி அவள் தாயின் குலம். அந்த மனையும் வயலும் ஒருநாள் அவள் கைக்குத்தான் வரும். 2006ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் கலப்புத் திருமணக் குழந்தைகளுக்கு 18 வயதுவரை இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது. அதன் பிறகு மூன்றாண்டுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவள் இந்தோனேசியக் குடியுரிமையை விட்டால் அவளுக்கும் அதே 1960ஆம் ஆண்டுத் தடை. இந்தியாவோ இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. அவளுக்கு இந்தியப் பாஸ்போர்ட் எடுத்திருக்கிறீர்களா? அடுத்த கடிதத்தில் சொல்லுங்கள்.

கையெழுத்து வாங்க நோன்புப் பெருநாள் விடுமுறைதான் சரியான நேரம். ஜகார்த்தாவிலும் மேடானிலும் கடை வைத்திருக்கும் ஆண்களெல்லாம் அந்த வாரம் ஊர் திரும்புவார்கள். மாமாக்கிடம் நீங்கள் போய்ப் பேசாதீர்கள். மனைவியும் மாமியாரும் வெற்றிலைத் தட்டோடு போய்ப் பேசட்டும். வம்சாவளிப் படத்தில் உங்கள் பெயர் இருக்காது. எழுத்தின் அடியில், சாட்சி வரிசையில், ஓர் இடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.