கழுவுவதற்கு முன் பிரித்து வையுங்கள்: பூஞ்சை பிடித்த இசைத்தட்டுகள்

கேள்வி: என் தந்தையார் ரப்பர் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். அவர் சேர்த்த இசைத்தட்டுகள், பெரியதும் சிறியதுமாக ஏறக்குறைய 70, இரண்டு பெட்டிகளில் இருக்கின்றன. தோட்ட வீட்டைக் காலி செய்து தாமான் வீட்டுக்கு வந்தபின் திறக்கவே இல்லை. இப்போது பார்த்தால் எல்லாவற்றிலும் வெள்ளைப் பூஞ்சை. வீட்டுக்கு வந்த ஒருவர், “தட்டுக்கு 6 வெள்ளி கொடுங்கள், மருந்து போட்டுக் கழுவித் தருகிறேன். இல்லாவிட்டால் மொத்தத்தையும் 200 வெள்ளிக்கு நானே எடுத்துக்கொள்கிறேன்” என்கிறார். சானிடைசரால் துடைத்தாலே போதும் என்கிறாள் மகள். எது சரி?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: இரண்டும் வேண்டாம். சானிடைசரை எடுத்து உள்ளே வையுங்கள். வந்தவரிடம் ஒரு தட்டைக்கூடக் கொடுக்காதீர்கள். வெள்ளைப் பூஞ்சையைக் கண்டு பயப்படத் தேவையில்லை. அது பெரும்பாலும் உறைக் காகிதத்தையும் தட்டில் படிந்த விரல் எண்ணெயையும் தின்று வளர்வது. சீக்கிரம் பார்த்தால் வீட்டிலேயே எடுத்துவிடலாம். ஆனால் கழுவுமுன் ஒரு வேலை இருக்கிறது. அதைத் தவறவிட்டுத்தான் நம் வீடுகளில் பாதித் தட்டுகள் பாழாகின்றன.

“பெரியதும் சிறியதும்” என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உங்கள் பெட்டியில் இரண்டு விதப் பொருள்கள் இருக்கக்கூடும். 12 அங்குல எல்.பி., 33⅓ வேகம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று). 7 அங்குல இ.பி., 45 வேகம். இவை வினைல், அதாவது ஒருவகை பிளாஸ்டிக். அதற்கு முந்தியவை 78 வேகத் தட்டுகள். பெரும்பாலும் 10 அங்குலம், கையில் எடுத்தால் கனம், ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம் ஓடும் ஒரே பாட்டு. இவை அரக்கால் ஆனவை. மரத்தில் பூச்சி விடும் அரக்கோடு கல்தூளும் கரியும் கலந்து அழுத்திய தட்டு. இந்தியாவில் 1960-கள் வரைகூட இவை வெளிவந்துகொண்டிருந்தன. ஆகவே தந்தையார் காலத்துப் பெட்டியில் இரண்டும் கலந்து கிடப்பது சகஜம்.

சந்தேகமாக இருந்தால் தட்டை ஒரு விரலில் தாங்கி, ஓரத்தை நகத்தால் மெல்லச் சுண்டிப் பாருங்கள். அரக்குத் தட்டு பீங்கான் போல ‘டிங்’ என்று ஒலிக்கும். வினைல் ‘டொப்’ என்று அடங்கிவிடும். வளைத்துப் பார்க்கவே கூடாது. அரக்கு வளையாது, உடையும்.

இவ்வளவு பிரித்துச் சொல்வதற்குக் காரணம் ஆல்கஹால். வினைலைச் சுத்தம் செய்ய அது உதவும். அரக்கையோ கரைத்துவிடும். தச்சர்கள் மரத்துக்குப் பாலிஷ் போட அரக்கை ஸ்பிரிட்டில்தானே கரைக்கிறார்கள்? அதே காரியம் உங்கள் தட்டின் மேல் நடக்கும். முதல் துடைப்பில் பளபளப்பு மங்கும், துணியில் பிசுபிசுப்பான கறுப்பு ஏறும். பலர் அதை அழுக்கு என்று நினைத்து இன்னும் அழுத்தித் தேய்க்கிறார்கள். அழுக்கு சாம்பலாகவோ பழுப்பாகவோ வரும். மை போன்ற கறுப்பு ஒட்டினால் வருவது பாட்டு. ‘ஆல்கஹால்’ என்று எழுதிய பாட்டில் மட்டும் ஆபத்து என்று எண்ணாதீர்கள். சானிடைசர், மருத்துவ ஸ்பிரிட், ஓடிகோலன், கண்ணாடி துடைக்கும் திரவங்களில் பல, கிருமிநாசினி ஈரத்தாள், இணையத்தில் விற்கும் ‘ரெக்கார்டு கிளீனர்’களில் பல, இவற்றிலும் அது இருக்கக்கூடும். எந்த வகை என்று கடைசிவரை தெரியாத தட்டை அரக்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். அரக்குக்கான முறையால் வினைலுக்குக் கெடுதல் இல்லை. வினைலுக்கான முறை அரக்கைக் கொன்றுவிடும்.

இப்போது வந்தவர் சொன்ன ‘மருந்து’ என்னவென்று கேளுங்கள். என்ன திரவம், எத்தனை விழுக்காடு, 78-க்கு வேறு திரவமா? இந்த மூன்றுக்கும் பதில் வராது. 70 தட்டுக்கு 6 வெள்ளி என்றால் 420 வெள்ளி. முக்கால்வாசிப் பேர் செய்வது, பாத்திரம் கழுவும் சோப்பைக் கொட்டிக் குழாயடியில் காட்டுவதுதான். சிலர் பளபளப்புக்காகத் துரு நீக்கும் எண்ணெய் ஸ்பிரே அடிக்கிறார்கள். தட்டு புதிதுபோல் மின்னும், வீட்டுக்காரருக்குச் சந்தோஷம். ஒரு மாதத்தில் அந்த எண்ணெய் காற்றிலுள்ள தூசியை எல்லாம் இழுத்து, பாட்டு பதிந்திருக்கும் வரிக்குள் பசையாக்கிவிடும்.

மொத்தமாக 200 வெள்ளி என்பது இன்னொரு கணக்கு. தட்டுக்கு 3 வெள்ளிகூட வரவில்லை. இப்படி வருகிறவர் பெட்டியைப் புரட்டும்போது கண் எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். நான்கைந்து தட்டுக்காகத்தான் மொத்த விலை பேசுவார். மீதி அவருக்குக் குப்பை. “வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்” என்பவரிடம் இன்னும் எச்சரிக்கை வேண்டும். உறை திரும்பி வரும், உள்ளே வேறு தட்டு இருக்கும். இணையச் சந்தையும் மோசம். தட்டுகளைத் தரம் பிரிக்க ‘கோல்ட்மைன்’ என்ற அமெரிக்க இதழின் அளவுகோல் ஒன்று உலகம் முழுக்கப் புழங்குகிறது. நம் ஊர் விற்பனையாளர்களில் பலர் ஊசி வைத்துப் பார்க்காமலே ‘வி.ஜி. பிளஸ்’, அதாவது மிக நல்லதற்கும் ஒரு படி மேல், என்று எழுதிவிடுகிறார்கள். கேட்க ஆளில்லை, புகார் சொன்னால் பதிலில்லை.

இனி வினைல் கழுவும் முறை. வீட்டுக்குள் வேண்டாம், வாசல்புற அஞ்சடியில் வைத்துச் செய்யுங்கள். முகக்கவசமும் கையுறையும் போடுங்கள். உள்ளே இருக்கும் மெல்லிய காகித உறை பூஞ்சையின் வீடு, அதை எறிந்துவிடலாம். படம் போட்ட அட்டையை எறியாதீர்கள். அதில் பழைய கடை முத்திரை இருந்தால் சுரண்டவும் வேண்டாம். அட்டையை ஈரமில்லாத துணியால் துடைத்து நிழலில் காற்றாட வையுங்கள்.

காய்ச்சி வடித்த நீர் 800 மில்லி, 99 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 200 மில்லி, நிறமும் வாசனையும் இல்லாத பாத்திரச் சோப்புத் திரவம் 2 சொட்டு. இரண்டே சொட்டுதான், தண்ணீர் வரிக்குள் இறங்குவதற்கு அது போதும். இந்த ஒரு லிட்டர் 35 தட்டுகள்வரை வரும். அடுப்போ சாமி விளக்கோ பக்கத்தில் இருக்கக்கூடாது, தீப்பிடிக்கும். நீர்ப் பாட்டிலில் ‘ஆயர் சூலிங்’ (காய்ச்சி வடித்த நீருக்கு மலாய்ப் பெயர்) என்று இருக்க வேண்டும். தாமான் முனையில் சில்லறை போட்டுப் பிடிக்கும் தண்ணீரும் மினரல் வாட்டரும் உதவாது, அவற்றில் உப்பு மிஞ்சும். ஆல்கஹால் வாங்குவதுதான் எரிச்சலான வேலை. ஒரு கடையில் 70 தருவார்கள், இன்னொன்றில் வாசனை கலந்தது தருவார்கள், சில பாட்டிலில் எத்தனை விழுக்காடு என்று எழுதக்கூட மனமிருக்காது. எண் எழுதாததை வாங்காதீர்கள்.

தட்டைச் சுத்தமான துண்டின்மேல் படுக்க வையுங்கள். நடுவிலுள்ள லேபிள் காகிதம், அதில் ஈரம் படக்கூடாது. லேபிள் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் மூடியைக் கவிழ்த்து ஒரு கையால் பிடித்துக்கொண்டால் போதும். வரிகளின்மேல் 10 முதல் 15 மில்லி திரவம் விட்டு, மென்மையான ஆட்டுமுடி பிரஷால் வட்டமாக, வரி ஓடும் திசையிலேயே, பத்துச் சுற்று இப்படியும் பத்துச் சுற்று அப்படியும் ஓட்டுங்கள். குறுக்கே தேய்த்தால் தூசி வரியின் சுவரைக் கீறும். ஓரிரு நிமிடத்துக்குமேல் திரவத்தை நிற்க விடாமல் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள்.

பிறகு வெறும் காய்ச்சி வடித்த நீரை விட்டு, வேறொரு துணியால் மறுபடி ஒற்ற வேண்டும். இந்த அலசலைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். “கழுவியபின் முன்னைவிட அதிகமாகப் பொரிகிறதே” என்ற புகாருக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். வரி ஒரு தலைமுடி அகலம். கரைந்த அழுக்கும் சோப்பும் அதன் அடியில் காய்ந்து உட்கார்ந்தால் ஊசி ஒவ்வொரு துகளிலும் இடறும், அதுவே அந்தப் பொரிச்சத்தம். குழாய்த் தண்ணீரின் உப்பும் இதையே செய்யும்.

பாத்திரம் அடுக்கும் ரேக்கில் நிற்க வைத்து, காற்றாடி போட்டு, குறைந்தது 2 மணி நேரம் உலர விடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் அரை மணி போதாது. வெயிலும் ஹேர் டிரையரும் வேண்டாம், தட்டு அப்பளமாக நெளியும்.

அரக்குத் தட்டுக்கு ஆல்கஹாலே இல்லாத காய்ச்சி வடித்த நீர், லிட்டருக்கு அதே 2 சொட்டு. ஊற வைக்கக்கூடாது. உள்ளே இருக்கும் கல்தூள் நீரை இழுத்துப் பரப்பு ஊதிவிடும். ஈரத் துணியால் வட்டமாகத் துடைத்து, வெறும் நீரில் நனைத்த துணியால் ஒருமுறை எடுத்து, உடனே உலர்ந்த துணியால் முடித்துவிடுங்கள். எடுக்கும்போது ஓரத்தை ஒரு கையால் பிடித்துத் தூக்காதீர்கள், இரண்டு உள்ளங்கையாலும் ஏந்துங்கள். விரிசல் விட்டதைக் கழுவவே வேண்டாம்.

பூஞ்சை போனபின்னும் சில தட்டுகள் கரகரக்கலாம். விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். வரிகள் சாம்பல் நிறமாக மங்கித் தெரிந்தால் அது தேய்மானம். திருவிழாக்களில் குழாய் ஸ்பீக்கருக்காகக் கனமான ஊசியில் ஓடிய தட்டுகள் இப்படித்தான் இருக்கும். எந்த மருந்தும் அதைத் திருப்பித் தராது, தருகிறேன் என்பவருக்குப் பணமும் தராதீர்கள். எதுவாயினும் கழுவுமுன் ஊசி வைக்காதீர்கள். 78-க்கு எல்.பி. ஊசி ஆகாது. அதன் வரி அகலமானது, 3 மில் (அங்குலத்தின் ஆயிரத்தில் மூன்று பங்கு) ஊசி தனியாக வேண்டும்.

புது உள்ளுறை வாங்கும்போது முகர்ந்து பாருங்கள். புது மழைக்கோட்டு வாடை அடித்து, கையில் ஒட்டி, கண்ணாடிபோல் இருந்தால் அது பி.வி.சி. நம் வெப்பத்தில் அது தட்டோடு ஒட்டி, கழுவினாலும் போகாத மங்கலை விடும். லேசாகப் பால்நிறமாய், சரசரவென்று இருப்பது பாலிஎத்திலீன், அதை வாங்குங்கள். தட்டுகளைப் புத்தகம்போல் நிற்க வைக்க வேண்டும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கக்கூடாது. 78-களுக்குத் தனிப் பெட்டி. வெளிச்சுவரை ஒட்டியும் தரையிலும் வைக்க வேண்டாம். பெட்டிக்குள் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டாதவரை பூஞ்சை திரும்புவது அரிது. சிறிய ஈரமானி ஒன்றை உள்ளே போட்டு, நிறம் மாறும் சிலிக்கா ஜெல் வையுங்கள். ஆரஞ்சு பச்சையானால் ஓவன் அடுப்பில் 120 பாகை செல்சியஸில் 2 மணி நேரம் உலர்த்தி மறுபடி போடலாம். பாச்சை உருண்டை பூஞ்சைக்கு மருந்தல்ல, வாடைதான் அட்டையில் தங்கும்.

முதல் நாள் ஐந்து தட்டுக்குமேல் தொடாதீர்கள். நீங்கள் அதிகம் விரும்பாத ஒரு வினைலில் தொடங்கிக் கை பழகுங்கள். அதற்கும் முன், ஒரு நோட்டில் ஒவ்வொரு தட்டின் லேபிள் எண்ணையும், கடைசி வரிக்கும் லேபிளுக்கும் நடுவே பொறித்திருக்கும் எண்ணையும் எழுதி, இரு பக்கமும் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். அந்த மனிதர் மறுபடி வந்தால் பெட்டியைத் திறக்க வேண்டாம். நோட்டை மட்டும் காட்டி, எந்த எண்ணுக்கு எவ்வளவு என்று ஒவ்வொன்றாக எழுதித் தரச் சொல்லுங்கள்.