முதலையை விடுங்கள், கொல்லையைப் பாருங்கள்

அன்புள்ள ஐயா,

மலேசியாவின் குளுவாங்கில் இருந்து எழுதுகிறேன். மகள் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. ஒன்றுக்கொன்று உதவி வாழும் உயிர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு கேட்டிருக்கிறார் ஆசிரியை. முதலையின் பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் பறவையை எழுதலாமா? இந்தச் சுயநலமற்ற அன்பை மனிதர்கள் ஏன் கற்றுக்கொள்வதில்லை? கூடவே ஒரு கவலை. வீட்டுக்குப் பின்னால் மூன்று ஏக்கர் செம்பனை (பாமாயில் மரம்), நான்கு வயது மரங்கள். காய்ந்த ஆண்பூவை எல்லாம் வெட்டிச் சுத்தமாகத்தான் வைத்திருக்கிறேன். ஆனாலும் குலையில் பாதி வெளுத்த சொத்தைக்காய். பூவில் சின்னச்சின்ன வண்டு மொய்க்கிறது. சைப்பர்மெத்ரின் பூச்சிமருந்து அடிக்கச் சொல்கிறார்கள். ஆறு மாதம் முன்பு காண்டாமிருக வண்டுக்கு அடித்த மருந்து மிச்சம் இருக்கிறது.

குமரன்

அன்புள்ள குமரன்,

அடிக்காதீர்கள். மிச்ச மருந்தைப் பூட்டி வையுங்கள்.

முதலைப் பறவை, பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் நைல் நதி முதலையைப் பற்றி எழுதிவைத்த பழங்கதை. இன்றுவரை நம்பும்படியான பதிவு ஒன்றுகூட இல்லை. பிள்ளையின் நோட்டில் அது வேண்டாம். மண்ணை மூட மரத்தடியில் வளர்க்கும் மூடுபயிர்க் கொடியின் வேர்முடிச்சைக் காட்டலாம். நகத்தால் கிள்ளினால் உள்ளே சிவப்பாக இருந்தால் பாக்டீரியா தழைச்சத்து பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதுவும் போதும். ஆனால் குளுவாங்கில் உட்கார்ந்துகொண்டு நைல் நதிக்குப் போகிறீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நீங்கள் கொல்லப் பார்க்கும் அந்த வண்டு, செம்பனைக் கூன்வண்டு. நீளம் மூன்று நான்கு மில்லிமீட்டர். செம்பனை ஆப்பிரிக்க மரம். இங்கே மரம் வந்தது, வண்டு வரவில்லை. காற்றே மகரந்தம் சேர்க்கும் என்று பல காலம் நம்பினார்கள். காய் போதவில்லை. தோட்டத் தொழிலாளர்கள் மகரந்தத்தை டால்க் தூளில் கலந்து, மரம் மரமாகப் போய், விரிந்த பெண்பூவைத் தேடி ஊதினார்கள். ஆப்பிரிக்காவின் கேமரூனில் மழைக்காலத்திலும் குலை நிறைவதைப் பார்த்திருந்த தோட்ட நிர்வாகி லெஸ்லி டேவிட்சன், இது பூச்சியின் வேலை என்று சந்தேகப்பட்டார். பூச்சியியலாளர் ரஹ்மான் சையத் அங்கே போய் ஆராய்ந்து உறுதி செய்தார். வேறு பயிரைத் தின்னாது என்று சோதித்த பிறகு, 1981 பிப்ரவரியில் வண்டை இங்கே பறக்கவிட்டார்கள். எங்கே தெரியுமா? உங்கள் குளுவாங் பக்கத்துத் தோட்டத்தில். கையால் ஊதும் வேலை அதோடு முடிந்தது.

இனி அந்த 'சுயநலமற்ற அன்பு'. மலர்ந்த ஆண்பூவை முகர்ந்து பாருங்கள், குருமாவுக்குப் போடும் சோம்பு வாசனை அடிக்கும். வண்டு அந்த வாசனைக்கு வருகிறது, மகரந்தம் தின்கிறது, அங்கேயே முட்டையிடுகிறது. புழு வாடும் ஆண்பூவைத் தின்று, ஏறக்குறைய இரண்டு வாரத்தில் வண்டாகி வெளியே வரும். ஆண்பூ கொடுக்கும் கூலி இது. பெண்பூவோ அதே வாசனையைக் கொஞ்சமாக விட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளும். வண்டு ஏமாந்து வரும், முட்டையிட வழியில்லாமல் திரும்பும். அதற்குள் உடம்பில் ஒட்டிய மகரந்தம் முள்ளுக்குள்ளே, குலையின் உள்வரிசைப் பூவரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும். காய் பிடிப்பதே இந்த ஏமாற்றில்தான். இதில் தியாகம் எங்கே இருக்கிறது? இரண்டு பேரும் அவரவர் பிழைப்பைப் பார்க்கிறார்கள், இரண்டு பேரும் பெருகுகிறார்கள். இதைக் குறைவாக நினைக்காதீர்கள், தம்பி. எனக்கு இதைவிட அழகான ஏற்பாடு தெரியாது. மனிதருக்குப் பாடம் எடுக்க இதைக் கூப்பிடாதீர்கள்.

உங்கள் குலை ஏன் சொத்தையாகிறது? பூ மலர்ந்து பழம் பழுக்க ஐந்தரை, ஆறு மாதம் ஆகும். நீங்கள் மருந்தடித்த காலத்துப் பூதான் இன்றைய குலை. வண்டு செத்தது, பூ வெறுமையாக நின்றது, காயில் பருப்பு இல்லை. மேலும் இளமரத்தில் பெண்பூ மிகுதி, ஆண்பூ குறைவு. வண்டு வளர இடமே கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தையும் நீங்கள் 'சுத்தம்' என்று வெட்டி எறிகிறீர்கள். காய்ந்து பழுப்பு நிறமான ஆண்பூதான் வண்டின் தொட்டில். வெட்டி எறிந்தால் ஒரு தலைமுறையே போயிற்று. இதில் எனக்குக் கோபம்தான்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வண்டு வெளியேறும்வரை, மலர்ந்து மூன்று வாரமாவது, ஆண்பூ மரத்திலேயே இருக்கட்டும். எலியைக் கட்டுப்படுத்துங்கள், காய்ந்த ஆண்பூவைப் பிய்த்து அது வண்டுப்புழுவைத் தின்னும். கூடு கட்டும் புழு மட்டையை அரித்தால், புழுவை மட்டும் கொல்லும் பேசில்லஸ் நுண்ணுயிர் மருந்து கிடைக்கிறது, அதை அடியுங்கள். விடாத மழையில் வண்டு பறப்பது குறையும், அதற்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது. இந்த மாதம் திருந்தினால் பலன் குலையில் தெரிய அரை வருடமாகும். நடுவில் பொறுமை இழந்து மருந்தைத் தூக்காதீர்கள்.

மகளுக்கு: ஆண்பூ மலர்ந்த மூன்றாம் நாள், அதன் விரல் போன்ற கிளைகளில் மேலே மூன்று, நடுவே மூன்று, கீழே மூன்று வெட்டி உடனே பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுங்கள். முள் இருக்கும், வெட்டுவது உங்கள் வேலை. பைக்குள் இருக்கும் வண்டுகளை எண்ணுவது அவள் வேலை. எண்ணிக்கையை எனக்கு எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.