நனோக் கம்பிக்குள் இலத்திரன்: வாசகர் கேள்விகள்

தடை நீளத்துக்கு நேர்விகிதசமம் என்று உயர்தரத்தில் படித்தோம். நனோக் கம்பிக்கும் அது பொருந்துமா? – மாணவி, வாழைச்சேனை

பரீட்சையில் மாற்றி எழுதிவிடாதீர்கள், புள்ளி போய்விடும். இலத்திரன் வழிநெடுக மோதிக்கொண்டே போகும்போதுதான் அந்த விதி செல்லும். அறை வெப்பநிலையில், செம்பில் இலத்திரன் ஒரு மோதலுக்கும் அடுத்ததற்கும் இடையே சராசரியாக ஏறத்தாழ 40 நனோமீற்றர் ஓடும் (ஒரு நனோமீற்றர் மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு). கம்பி அதைவிடக் குட்டையானால் மோதாமலே மறுமுனைக்குப் போய்ச் சேரலாம். அதற்காகத் தடை பூச்சியமாகிவிடாது. புதுப் பாலம் வருமுன் மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தில் போனவர்களுக்குத் தெரியும்: ஒரு வாகனம் போகும் அகலம், பாலத்தில் ஏறிவிட்டால் தடங்கலில்லை, காத்துக்கிடந்ததெல்லாம் வாயிலில்தான். இங்கும் அகன்ற உலோகம் ஒடுங்கும் வாயிலிலேயே தடை பிறக்கிறது. முழுதாகத் திறந்த ஒரு பாதைக்கு (கம்பியின் அகலத்துக்குள் இலத்திரன் அலை அடங்கும் ஒரு வழி) அது சுமார் 12,906 ஓம். பிளாங்கின் மாறிலியும் இலத்திரனின் ஏற்றமும் போதும், இந்த எண்ணைக் கணக்கிட்டுவிடலாம்; கம்பி எந்தப் பொருள் என்ற கேள்வியே எழாது! பாதை இரண்டானால் தடை பாதி. ஒன்றரைப் பாதை கிடையாது. அதனால் கம்பியை அகலமாக்கும்போது தடையின் தலைகீழான கடத்துகை சீராக ஏறாது, படிக்கட்டுப் போலத் தாவித் தாவியே ஏறும். 1988இல் நெதர்லாந்திலும் கேம்பிரிட்ஜிலும் இரு குழுக்கள் தனித்தனியே, மிகக் குளிரவைத்த குறைகடத்தியில், இப்படிகளை அளந்து காட்டின.

மோதல் இல்லையென்றால் சூடும் இல்லையா? – மின்னியலாளர், காத்தான்குடி

சூடு உண்டு, பெரும்பகுதி கம்பிக்கு வெளியே. இலத்திரன் மறுமுனை உலோகத்துக்குள் போன பிறகே தன் மிகைச் சக்தியைக் கொட்டுகிறது. ஓர் அணு அகலத் தங்கத் தொடுகைகூடப் பல பத்து மைக்ரோஅம்பியரைத் தாங்குவது இதனால்தான்.

கைத்தொலைபேசிச் சிப்பிலும் இதுதான் நடக்கிறதா? – கல்முனை வாசகர்

இல்லை. அங்குள்ள மிக மெல்லிய செப்புக் கம்பிகள் சில பத்து நனோமீற்றர் அகலம்தான், ஆனால் நீளம் பல மடங்கு. இலத்திரன் பக்கச் சுவர்களில் இடறுகிறது. மெலிய மெலியத் தடைத்திறனே (நீள அகலத்தைக் கழித்து, பொருளுக்கென்று சொல்லும் தடை அளவு) கூடிவிடுகிறது.

பாடசாலை ஆய்வுகூடத்தில் காட்டமுடியுமா? – ஆசிரியர், அக்கரைப்பற்று

முடியும், குளிரூட்டலும் வேண்டாம். மெல்லிய தங்கக் கம்பிகள் இரண்டு (வீட்டுத் தாலிக்கொடியில் கைவைக்காதீர்கள்), அவற்றோடு தொடராக 1 கிலோஓம் தடையி, 100 மில்லிவோல்ற்று, பதிவுசெய்யும் அலைவுகாட்டி. கம்பிகளை மட்டுமட்டாகத் தொடவைத்து மேசையைத் தட்டுங்கள். தொடுகை விடுபடும்போது தங்கம் கழுத்தாக இழுபட்டு, அறுவதற்குச் சற்றுமுன் சில அணு அகலத்துக்கு மெலியும். தடையிக்குக் குறுக்கே அழுத்தம் சுமார் 13 (இரண்டு பாதை), பிறகு 7 மில்லிவோல்ற்றில் (ஒரு பாதை) தரித்துப் பூச்சியத்துக்கு விழும். எல்லாம் மைக்ரோசெக்கன்களில் முடிந்துவிடும். ஒவ்வொரு தட்டலிலும் படி அழகாக வராது. பல பதிவுகளை அடுக்கிப் பார்த்தால்தான் எங்கே அதிகம் தரிக்கிறது என்று தெரியும்.