மூன்று ரூபாய் வட்டிக்கு இரண்டாம் ஆண்டுக் கட்டணம் கட்ட வேண்டாம்

சென்ற வாரம் முக்கூடலிலிருந்து ஒரு தாயும் தகப்பனாரும் மகனை அழைத்துக்கொண்டு பாளையங்கோட்டையில் உள்ள என் ஆலோசனை அலுவலகத்திற்கு வந்தார்கள். தாய் பீடி சுற்றுகிறார். தகப்பனார் சேரன்மகாதேவிப் பக்கம் லாரிகளில் வாழைத்தார் ஏற்றும் சுமைவேலை பார்க்கிறார். மகன் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில், நிர்வாக ஒதுக்கீட்டு இடத்தில், கணினி அறிவியல் முதலாண்டை முடித்திருக்கிறான். மூன்று பாடங்களில் அரியர் நிற்கிறது. இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தை இம்மாதக் கடைசிக்குள் கட்ட வேண்டும். "படிப்பு நின்னுறக் கூடாது சார், கடனை எப்படியாவது சமாளிக்க ஒரு வழி சொல்லுங்க" என்று அந்த அம்மா கேட்டார்.

பிள்ளையைப் படிக்க வைப்பதற்காகக் கடன் வாங்கியது தவறில்லை என்றும், இவ்வளவு தூரம் தேடி வந்ததே நல்ல அறிகுறி என்றும் நான் முதலில் சொன்னேன். பிறகு ஒரு தாளை எடுத்து, யார் யாரிடம் எவ்வளவு என்று எழுதச் சொன்னேன். எழுதி முடித்தபோது அதற்கு மேல் ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கூட்டுறவு வங்கியில் ஐந்தரைப் பவுன் நகையின் பேரில் 1,60,000 ரூபாய். உள்ளூரில் ஒருவரிடம் மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டிக்கு 1,00,000 ரூபாய். மகளிர் குழுக்கடனுக்கு வாரந்தோறும் 700 ரூபாய் தவணை. பெற்றோருக்குத் தெரியாமல் மகன் கைபேசிச் செயலி ஒன்றில் வாங்கிய 6,000 ரூபாய். இருவர் உழைப்பும் சேர்ந்து மாதத்திற்கு 14,000 ரூபாய் வருகிறது. வாழைத்தார் வெட்டு குறைந்த மாதங்களில் அதுவும் இல்லை. வட்டிக்காரருக்கு 3,000, குழுவுக்கு ஏறக்குறைய 3,000 என்று அரிசி வாங்குவதற்கு முன்பே 6,000 ரூபாய் போய்விடுகிறது. ஒரு குடும்பம் தன் எல்லாக் கடன்களுக்கும் மாதந்தோறும் செலுத்தும் தொகை அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி குழுக்கடன் போன்ற நுண்கடன் வழங்கக் கூடாது என்று 2022-இல் ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. நகைக்கடன் வட்டியையும் சேர்த்தால் இந்தக் குடும்பம் அந்த எல்லையை இப்போதே தொட்டுவிட்டது.

இந்த நிலையில்தான் சித்தப்பா ஒருவர், "ஒரு வருஷம் ஓடிப்போச்சு, பாதியில விட்டா ஊருல தலைகாட்ட முடியுமா? நான் ஆள் சொல்றேன், அதே வட்டிக்கு இன்னும் வாங்கிக் கட்டு" என்கிறார். கணினி அறிவியல் என்றால்தான் நாளைக்குப் பெண் கொடுப்பார்கள் என்கிறார் அத்தை. இருவரும் அன்பினால்தான் சொல்கிறார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தக் கடன் பத்திரத்தில் அவர்கள் கையெழுத்துப் போடப் போவதில்லை.

அவர்கள் சொல்வதைச் செய்தால் என்ன ஆகும் என்று அந்தத் தாளிலேயே கணக்கிட்டோம். கல்லூரிக் கட்டணம், பேருந்து, தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 1,20,000 ரூபாய் என்று அவர்களே சொன்னார்கள். அதை மூன்று ஆண்டுகளும் மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்கினால், வட்டிக்கு வட்டி போடாமல் பார்த்தாலே, முதல் தவணைக்கு 1,29,600, இரண்டாவதற்கு 86,400, மூன்றாவதற்கு 43,200 என்று வட்டி மட்டும் 2,59,200 ரூபாய் ஆகிறது. அசல் 3,60,000. பையன் பட்டத்தைக் கையில் வாங்கும் நாளில், பழைய ஒரு லட்சத்திற்கும் சேர்த்து, மாத வட்டியே 13,800 ரூபாய் கட்ட வேண்டியிருக்கும். அது இன்று இந்த வீட்டின் முழு வருமானம். நல்ல வேலைக்குக் காத்திருக்கவும், தேர்வுக்குப் படிக்கவும் அவனுக்கு ஒரு மாதம்கூட அவகாசம் இராது. கிடைத்த முதல் வேலையை, எவ்வளவு குறைந்த சம்பளமாயினும், ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

ஆகவே என் கருத்தை மழுப்பாமல் சொல்கிறேன்: அந்தக் கட்டணத்தைக் கட்ட வேண்டாம். ஓராண்டுக்குச் செலவழித்த பணம் போனது போனதுதான்; அதைக் காப்பாற்றுவதற்காக அதைப் போல மூன்று மடங்கு பணத்தைக் கந்துவட்டியில் இறக்குவதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். 2017 அக்டோபரில் நம் மாவட்ட ஆட்சியர் அலுவலக வாசலில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்குளித்து மாண்டதைக் கண்ட ஊர் இது. அதிக வட்டி வசூலிப்பதைத் தடை செய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 2003 முதல் நடைமுறையில் இருந்தும் அது நடந்தது. வட்டிக்குப் பணம் வாங்கி மதிப்பைக் காப்பாற்றலாம் என்று யார் சொன்னாலும், இந்த மாவட்டத்தில் அந்தப் பேச்சை நான் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

இனிப் பையனைப் பற்றி. பெற்றோரை வெளியே அமரச் சொல்லிவிட்டு அவனிடம் தனியாகப் பேசினேன். முதலாண்டு முழுவதும் கல்லூரி விட்டதும் வண்ணார்பேட்டையில் ஒரு மோட்டார் வைண்டிங் கடைக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறான். பேருந்துச் செலவுக்காகத் தொடங்கியது, பிறகு விட மனமில்லை. கிணற்று மோட்டார் ஏன் கருகுகிறது என்று கேட்டேன். மூன்று பேஸில் ஒன்று போய்விட்டால் மீதி இரண்டில் மின்னோட்டம் கூடிச் சுருள் சூடேறுவதையும், தண்ணீர் வற்றிய பிறகும் ஓடினால் என்ன ஆகும் என்பதையும், கருகிய காயிலின் நிறத்தை வைத்தே காரணத்தை எப்படிச் சொல்வது என்பதையும் பத்து நிமிடம் விளக்கினான். கணினி நிரல் பற்றிக் கேட்டபோது தலை குனிந்துகொண்டான். முப்பது ஆண்டு நடக்கப்போகும் வேலைக்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தேவையில்லை.

இந்தப் பையன் பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்துத் தேறியவன். அப்படித் தேறியவர்கள் பாலிடெக்னிக்கில் முதலாண்டைப் படிக்க வேண்டியதில்லை. நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்து, இரண்டே ஆண்டுகளில் பட்டயம் (டிப்ளமோ) பெறலாம். பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் குடும்பங்களில் பெரும்பாலோர் பாலிடெக்னிக் என்றாலே பத்தாம் வகுப்போடு நின்றவர்களுக்கு என்று எண்ணி, இந்த வாசலைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. இவர்கள் வீட்டிலிருந்து எட்டும் தூரத்தில், சேரன்மகாதேவியிலேயே அரசு பாலிடெக்னிக் இருக்கிறது; தூத்துக்குடியிலும் இருக்கிறது. அரசு பாலிடெக்னிக்கின் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். அரசு பாலிடெக்னிக் மாணவர்களுக்கு அரசுப் பேருந்தில் கட்டணமில்லாப் பயண அட்டை உண்டு. வருமான வரம்புக்குட்பட்ட பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் நல அமைப்பு வழங்கும் உதவித்தொகை பாலிடெக்னிக் படிப்புக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய். பொறியியலுக்கு அதுவே 25,000 ரூபாய் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் 1,20,000 ரூபாய்ச் செலவில் அது ஐந்தில் ஒரு பங்கைத்தான் அடைக்கும். இதற்குத் தாயின் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை வேண்டும். தேசிய உதவித்தொகை இணையதளம் வழியே விண்ணப்பிக்க வேண்டும். முக்கூடலில் பீடித் தொழிலாளர்களுக்கென்று மத்திய அரசு மருத்துவமனை இருக்கிறது. அங்கு அடிக்கடி போய்வரும் இந்தத் தாய்க்கு, அதே அட்டை மகன் படிப்புக்கும் பயன்படலாம் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

அவன் எடுக்க வேண்டிய பிரிவு மின்னியல் மின்னணுவியல். அந்தப் பட்டயம் முடித்தபின் ஓராண்டுத் தொழில் பழகுநர் பயிற்சி உண்டு. 2019-இல் திருத்தப்பட்ட விதிகள் பட்டயதாரருக்கு மாதம் குறைந்தது 8,000 ரூபாய் உதவித்தொகை நிர்ணயித்தன. அந்தக் குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசே நிறுவனத்திற்குத் திருப்பித் தருவதால், நிறுவனங்கள் பழகுநர்களைச் சுமையாக எண்ணத் தேவையில்லை. மகேந்திரகிரியில் உள்ள இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் பட்டயதாரர்களைப் பழகுநர்களாக எடுக்கிறது. கூடங்குளத்தில் அணுமின் நிலையம், ராதாபுரம், பணகுடிப் பக்கம் வரிசையாகக் காற்றாலைகள், கங்கைகொண்டான் சிப்காட்டில் சூரிய மின்தகடு தொழிற்சாலை என்று இந்த மாவட்டமே இப்போது மின்சாரத்தால் வேலை தருகிற மாவட்டமாக மாறிக்கொண்டிருக்கிறது. மோட்டார் சுருளைக் கையால் கட்டிப் பழகிய ஒரு பட்டயதாரனுக்கு இங்கே தேவை இருக்கும். அனுபவம் சேர்ந்த பிறகு மின் உரிமம் வழங்கும் வாரியத்திடம் மேற்பார்வையாளர் தகுதிச் சான்று பெற்றால், ஒப்பந்த வேலைகளில் அவன் கையெழுத்துக்கே மதிப்பு வரும்.

காலக் கணக்கையும் பாருங்கள். இன்று இவனோடு படிக்கிற மாணவர்கள் பட்டம் பெற இன்னும் மூன்று ஆண்டுகள் ஆகும். அதே மூன்று ஆண்டுகளில் இவன் பட்டயமும் ஓராண்டு அனுபவமும் பெற்றிருப்பான். பொறியியல் கனவை அப்போதும் விட மனமில்லை என்றால், பட்டயதாரர்களுக்கான கலந்தாய்வு வழியாக நேரடி இரண்டாம் ஆண்டில் சேரலாம். அன்று அவன் தன் சம்பாத்தியத்தோடு, தான் விரும்பிய பிரிவில் சேருவான். அத்தைக்கு இதைச் சொல்லுங்கள்.

கல்லூரியை விட்டு விலகும்போது ஒரு சிக்கல் வரலாம். மீதி மூன்று ஆண்டுக் கட்டணத்தையும் கட்டினால்தான் சான்றிதழ்களைத் தருவோம் என்று சில இடங்களில் மிரட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் விதிப்படி, இடையில் விலகும் மாணவரிடம் வரும் ஆண்டுகளின் கட்டணத்தைக் கேட்கக் கூடாது. மூலச் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கவும் கூடாது. வாய்ப்பேச்சாகக் கேட்காமல் கடிதமாக எழுதிக் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்குங்கள்.

அடுத்து, கடனைக் கையாளும் முறை. முதலில் ஒழிய வேண்டியது மூன்று ரூபாய் வட்டி. அதற்கு ஒரே வழி, அந்த அம்மா கேட்க விரும்பாத வழி: அடகில் இருக்கும் நகையை மீட்டு, ஒரு பகுதியை விற்பது. நகையை வைத்த நாளைவிடத் தங்கத்தின் விலை ஏறியிருக்கிறது. எவ்வளவு விற்பது என்பதை அன்றைய விலை முடிவு செய்யட்டும், ஆனால் வட்டிக்காரரின் ஒரு லட்சமும் வங்கிக் கடனும் அன்றே தீர வேண்டும். மகளுக்கென்று சேர்த்த நகை என்பது எனக்குத் தெரியும். மாதம் 3,000 ரூபாய் வட்டி என்றால் ஆண்டுக்கு 36,000. அந்த நகையைத்தான் சிறிது சிறிதாக வட்டிக்காரர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அடகு நகையை மீட்டு விற்றுத் தருகிறோம் என்று சொல்லும் கடைகளிடம் போனால் விலையில் பெரிதாகப் பிடித்துக்கொள்வார்கள். மீட்பதற்கு ஒரே ஒரு நாள் கைமாற்றுத் தேவை.

குழுக்கடன் தவணையை மட்டும் தவற விடாதீர்கள், ஏனெனில் நீங்கள் கட்டாத தொகை உடனிருக்கும் பெண்களின் தலையில் விழும். இயலாத வாரத்தில் வசூலிப்பவர் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ வீட்டுக்கு வர ரிசர்வ் வங்கி அனுமதிக்கவில்லை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். செயலிக் கடனை நகை விற்ற பணத்திலேயே அடைத்துவிட்டு, செயலியைப் பையன் என் முன்னாலேயே நீக்கட்டும். இனி அவர்கள் மிரட்டினால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யலாம். வைண்டிங் கடை வேலையை அவன் விடக் கூடாது, ஆனால் மாலை இரண்டு மூன்று மணி நேரத்திற்கு மேல் போகக் கூடாது. இரவு முழுவதும் வேலை பார்த்துப் பகலில் வகுப்பில் தூங்கும் படிப்பை நான் பலரிடம் பார்த்துவிட்டேன். அந்தச் சம்பளத்தை அரியர் கட்டணமே தின்றுவிடும்.

இதைப் படிக்கும் மற்றப் பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். இவர்கள் வீட்டில் பையன் முதல் பட்டதாரி. அரசுக் கலந்தாய்வில் சேர்ந்திருந்தால் கல்விக் கட்டணத்தில் ஆண்டுக்கு 25,000 ரூபாய்ச் சலுகை கிடைத்திருக்கும். உறவினர் அவசரப்படுத்தியதால் கலந்தாய்வுக்கு முன்பே பணம் கட்டி, அதை இழந்தார்கள். அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் முழுக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கலந்தாய்வு முடியும்வரை எந்தக் கல்லூரிக்கும் முன்பணம் என்று ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

அந்தக் குடும்பத்தை வரும் திங்கட்கிழமை மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறேன். பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, வருமானச் சான்று, பீடி அட்டை, நகை அடகுச் சீட்டு ஆகியவற்றைக் கொண்டுவர வேண்டும். பாலிடெக்னிக் விண்ணப்பத்தை அன்றே இங்கிருந்து பதிவு செய்துவிடலாம். சித்தப்பாவையும் உடன் அழைத்து வரச் சொன்னேன். வட்டிக்கு ஆள் காட்ட முன்வந்த அவரிடம், நகையை மீட்கும் அந்த ஒரு நாளுக்கு 1,60,000 ரூபாயும் அதன் வட்டியும் கைமாற்றாகத் தரும்படி நானே கேட்கப் போகிறேன்.