மறதியும் மூளை நொதியங்களும்: கேளுங்கள், சொல்கிறேன்

மருந்தாளராக வன்னியில் நீண்டகாலம் வேலை செய்தவன். மருந்தும், உடம்பின் இரசாயன வேலைகளை நடத்தும் நொதியமும் (என்சைம்) பற்றிக் கேளுங்கள்.

கிளிநொச்சித் தங்கச்சி: அம்மாவுக்கு அல்சைமர் என்று டொனெப்பெசில் தந்திருக்கினம். அது என்ன செய்யும்?

நரம்புக்கு நரம்பு செய்தி கடத்தும் பொருள்களில் அசற்றைல்கோலின் ஒன்று, ஞாபகத்துக்கு மிகவும் வேண்டியது. வேலை முடிந்ததும் அசற்றைல்கோலினெஸ்ரறேஸ் என்ற நொதியம் அதை உடைத்துவிடும். அல்சைமரில் அதைச் சுரக்கும் நரம்புகள் அழிந்துகொண்டு போக, மிஞ்சியதையும் நொதியம் உடைத்துக்கொண்டேயிருக்கும். குளிசை அந்த நொதியத்தைத் தடுத்து, இருக்கிற கொஞ்சத்தைக் கூடநேரம் நிற்க வைக்கிறது. அழிந்த நரம்பு திரும்பாது, சிலருக்குக் கொஞ்சக்காலம் தெளிவு கிடைக்கும். வயிற்றுப்பிரட்டு வரலாம், நாடித்துடிப்புக் குறையலாம். தலைசுற்றி விழுந்தால் உடனே கிளினிக்கில் சொல்லுங்கள். போகும்போது அம்மா குடிக்கிற எல்லாக் குளிசையையும் பையோடு கொண்டு போங்கள்.

முத்தையன்கட்டு அண்ணை: வயலுக்கு அடிக்கிற மருந்தும் அதே நொதியத்தைத்தானே தடுக்குது? அப்ப அந்த அம்மாவுக்கு நஞ்சோ குடுக்கிறியள்?

நல்ல கேள்வி அண்ணை. ஓகனோபொஸ்பேற் வகைப் பூச்சிமருந்துகள் அதே நொதியத்தைத்தான் பிடிக்கின்றன. ஆனால் குளிசை பிடித்துவிட்டு விடும், அளவும் சிறிது. பூச்சிமருந்து பிடித்தால் லேசில் விடாது, உடம்பு முழுக்கப் பிடிக்கும். மெசின் கசிந்து சாரம் நனைந்தபடியே மத்தியானம்வரை மருந்தடித்த ஒரு ஐயாவைக் கொண்டுவந்தார்கள். வாயால் எச்சில் வடிந்தது, கண்மணி ஊசிமுனை அளவு, தொடைத்தசை தோலுக்குள் புழு நெளிவதுபோல் துடித்தது. அற்றோபீன் என்ற மாற்றுமருந்தை ஏற்றித்தான் காப்பாற்றினார்கள். தேறிவிட்டார் என்று உடனே வீட்டுக்குக் கூட்டிப்போகவும் கூடாது. 1 முதல் 4 நாளுக்குள் கழுத்தைத் தூக்க முடியாமல், மூச்சும் நின்றுபோகிற நிலை வரலாம். அதை 1987இல் உலகத்துக்கு விவரித்தவர்கள் நம் நாட்டு வைத்தியர்கள்தான்.

அவரே: நான் 30 வருசமா அடிக்கிறன், ஒண்டுமில்லை.

ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லுங்கள் அண்ணை. நொதியம் பெருமளவு குறைந்த பிறகுதான் குறி வெளியே தெரியும். செங்குருதிக் கலத்தில் உள்ள நொதியம் நாளுக்கு ஏறத்தாழ 1 வீதம்தான் மீளும். போன கிழமை அடித்தது மீளமுன் இந்தக் கிழமை அடித்தால் குறைவுக்குமேல் குறைவு. கடுமையாக நஞ்சேறிப் பிழைத்தவர்களுக்குப் பிறகு ஞாபகமும் கவனமும் குறைந்திருந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உங்கள் மூளையைப் பற்றித்தான் பேசுகிறேன், கோபிக்காதீர்கள்.

மாங்குளம்: வல்லாரை சாப்பிட்டால் மறதி போகுமா?

சம்பல் நல்ல சாப்பாடு. குளிசையை நிறுத்திவிட்டு அதை நம்பாதீர்கள்.

புதுக்குடியிருப்பு: அமிலோயிட்டை உண்டாக்கும் நொதியத்தையே தடுத்தால்?

அமிலோயிட் என்பது அல்சைமரில் மூளையில் படியும் புரதம். அதை உண்டாக்கும் பீற்றா செக்கிரிற்றேசைச் சொல்கிறீர்கள். தடுத்துப் பார்த்தார்கள். வெருபெசெஸ்ற்றற் என்ற மருந்தின் பெரிய பரிசோதனைகளை 2017, 2018இல் நிறுத்தினார்கள். அமிலோயிட் குறைந்தது, ஞாபகம் தேறவில்லை.

வவுனியா: வல்லாரைத் தூள்...?

மாங்குளத்துக்குச் சொன்னதேதான்.

மல்லாவி: அப்பா கசிப்புக் குடிக்கிறவர். நேற்று நடந்ததுகூட ஞாபகமில்லை, தடுமாறி நடக்கிறார்.

இதில் தாமதிக்க வேண்டாம், இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். விற்றமின் பி1 இல்லாவிட்டால் மூளைக்குச் சக்தி கொடுக்கும் நொதியங்கள் சரியாக வேலை செய்யாது. குடிப்பவர்களுக்கு அது குறையும். நேரத்தோடு ஊசியாக ஏற்றினால் மீளலாம், பிந்தினால் மறதி நிரந்தரம்.

ஒட்டுசுட்டான்: அப்பம்மாவுக்குத் தடிமன் குளிசை குடுத்த நாள் முழுக்கக் குழம்பிக் கதைக்கிறா.

குளோர்பெனிரமினாக இருக்கும். அது அசற்றைல்கோலின் வேலையை மறிக்கும், வயதானவர்களைக் குழப்பும், டொனெப்பெசிலுக்கு நேர் எதிர். இதுக்குத்தான் பையோடு கொண்டுபோகச் சொல்கிறேன்.

முத்தையன்கட்டு அண்ணை: சரி தம்பி, சாரத்தை என்ன செய்ய?

நனைந்த உடனே கழற்றுங்கள், உடம்பைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். சாரத்தை வீட்டு உடுப்போடு சேர்க்காமல் தனியாகத் தோயுங்கள். கசிகிற மெசினின் வாசரை அடுத்தமுறை அடிக்கமுன் மாற்றுங்கள்.