நார்த்ஃபீல்டின் பூட்டாத பெட்டி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மினசோட்டாவின் நார்த்ஃபீல்ட் வங்கிக் கொள்ளை (1876) பற்றி இரண்டே வரி எழுதியிருந்தீர்கள். பத்தாண்டுகள் வங்கியும் ரயிலுமாகக் கொள்ளையடித்த ஜேம்ஸ்–யங்கர் கூட்டம் ஒரு சின்ன ஊரில் எப்படிச் சிக்கியது? விஸ்கிதான் காரணம் என்கிறார்களே?

கா.

அன்புள்ள கா.,

விஸ்கியின் மேல் பழி போட்டவர் கூட்டத்தில் ஒருவரான கோல் யங்கரேதான், அதுவும் பல வருடம் கழித்து. தோற்றவர் சொல்லும் காரணத்தைப் பாதி விலைக்குத்தான் வாங்க வேண்டும். வங்கிக்குள் இருந்த இரும்புப் பணப்பெட்டியையும் வெளியே இருந்த தெருவையும் பாருங்கள்.

செப்டம்பர் 7, பிற்பகல் இரண்டு மணி. வந்தவர்கள் எட்டுப் பேர். மூவர் ஃபர்ஸ்ட் நேஷனல் வங்கிக்குள் போனார்கள். இருவர் டிவிஷன் தெருவில் வாசலைக் காத்தார்கள். மற்ற மூவர் பாலத்தருகே சதுக்கத்தில், திரும்பும் வழிக்குக் காவல். ஏற்பாட்டில் குறையில்லை, பெட்டி சட்டென்று திறந்தால்.

காசாளர் அன்று ஊரில் இல்லை. பொறுப்பில் இருந்த ஜோசஃப் லீ ஹேவுட், ‘நேரப்பூட்டு போட்டிருக்கிறது, திறக்க முடியாது’ என்றார். நேரப்பூட்டு அப்போது புதுச்சரக்கு. ஜேம்ஸ் சார்ஜண்ட் செய்த பூட்டு 1874இல்தான் இலினாயில் ஒரு வங்கிக்கு வந்திருந்தது. கதவின் உட்புறம் கடிகாரம் ஓடும்; குறித்த மணி வரும்வரை, எண் தெரிந்தவர் திருகினாலும் தாழ் நகராது. ஆளை மிரட்டிப் பயனில்லை என்பதுதான் அதன் சிறப்பே.

நார்த்ஃபீல்டில் நிலைமை வேறு. தாழ் மட்டும் விழுந்திருந்தது, எண்சக்கரத்தை யாரும் சுழற்றி வைக்கவில்லை. கைப்பிடியைத் திருப்பியிருந்தால் சுமார் 15,000 டாலர். ஹேவுடின் கழுத்தில் கத்தி வைத்தார்கள், தலையை ஒட்டிச் சுட்டார்கள். கைப்பிடியை மட்டும் ஒருவரும் தொட்டுப் பார்க்கவில்லை. கடைசியில் அவரைக் கொன்றுவிட்டு வெளியேறினார்கள். கிடைத்தது 26 டாலர் 70 சென்ட்.

இதற்குள் ஏழு நிமிடம் போய்விட்டது. பக்கத்திலேயே துப்பாக்கி விற்கும் ஹார்டுவேர் கடைகள்! ஊர்க்காரர்களும் தேர்ந்த சுடுநர்கள் இல்லை. ஸ்டேசி என்பவர் சுட்டது பறவை சுடும் சிறு ரவை. கொள்ளையர் க்ளெல் மில்லருக்கு முகத்தில் காயம், அவ்வளவுதான். கடைக்காரர் மானிங்கின் ரெமிங்டன் துப்பாக்கி ஒரே ஒரு தோட்டா கொள்வது. காலி உறை உள்ளே சிக்கிக்கொள்ள, கடைக்கு ஓடிக் கம்பியால் குத்தி வெளியேற்றிவிட்டு வந்தார். ஆனால் அவருக்குச் சுவர் மூலை மறைவாக இருந்தது. மருத்துவ மாணவர் வீலருக்கு எதிர் ஹோட்டலின் மாடி ஜன்னல். குதித்தோடும் குதிரையின் மேலிருந்து ரிவால்வரால் சுடுபவருக்கு இந்த வசதி ஏது? மானிங் கொள்ளையர் சாட்வெல்லைக் கொன்றார், வீலர் மில்லரைக் கொன்று பாப் யங்கரின் முழங்கையை உடைத்தார். தெருவில் அகப்பட்ட ஸ்வீடன்காரர் குஸ்டாஃப்சனும் சில நாளில் இறந்தார்.

என் கணக்கில் பெரிய நஷ்டம் சாட்வெல்தான். மினசோட்டாவின் வழி அறிந்தவர் என்று அவரைத்தான் நம்பி வந்திருந்தார்கள். போதாததற்குத் தந்திக் கம்பியையும் வெட்டவில்லை. அடைமழை, வழி தெரியாத காடு, காயம்பட்ட ஆட்கள். ஜேம்ஸ் சகோதரர்கள் பிரிந்துபோய்த் தப்பினார்கள். செப்டம்பர் 21 அன்று மடேலியா ஊர் அருகே சதுப்பு நிலத்தில் கூட்டத்தின் சார்லி பிட்ஸ் சுடப்பட்டு இறந்தார், யங்கர் சகோதரர் மூவரும் பிடிபட்டார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டால் தூக்கு இல்லை என்பது அன்றைய மினசோட்டா சட்டம். ஒப்புக்கொண்டு ஸ்டில்வாட்டர் சிறைக்குப் போனார்கள்.